ஆர்க்கிட் செடியும் கைராசியும்

சென்ற இதழில் மாடத்துத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி நாம் எழுதியதைப் படித்துவிட்டு, நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் மணமாகி இன்னும் ஓராண்டு நிரம்பாத இளம் சகோதரி. கொல்கத்தாவில் குடித்தனம் தொடங்கியபோது, கணவரின் அலுவலக நண்பர்கள் வெண்பூக்கள் நிறைந்த ஆர்க்கிட் செடி ஒன்றைப் பரிசளித்தார்களாம். பூக்கள் இரண்டரை மாதம் வாடாமல் நின்றன. மழைக்காலம் வந்ததும் இலைகள் மஞ்சளாகித் துவண்டன. ஒவ்வொன்றாக உதிர்ந்து, இந்த ஐப்பசியில் ஓர் இலை மட்டும் எஞ்சியிருக்கிறது. "துளசிக்கு நீர் வார்க்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு செம்பு வார்த்தேன்; ஒரு நாளும் மறந்ததில்லை" என்கிறார். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் செடியைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கைராசி இல்லையடி அம்மா" என்று சொல்லிப் போயிருக்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை என்றும், அவர் ஒன்றும் சொல்லாததுதான் தமக்கு அதிக வருத்தம் என்றும் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும், இம்மாதம் எழுத எண்ணியிருந்த பாகற்கொடி விஷயத்தை ஒத்திவைத்துவிட்டோம். அந்தச் சகோதரிக்கும் அவர் மாமியாருக்கும் சேர்த்தே சொல்லுகிறோம்: இந்தச் செடி கவனிப்பாரின்றி வாடவில்லை, கவனிப்பு மிகுந்து வாடியது. நாள்தோறும் ஒரு செம்பு நீர் துளசிக்கு அமுதம். ஆர்க்கிடுக்கு அதுவே வெள்ளம். வீடுகளில் மாண்டுபோகும் ஆர்க்கிட் செடிகளில் பெரும்பாலானவை தாகத்தால் மாள்வதில்லை, வேர் அழுகியே மாள்கின்றன. அன்புள்ளவர் வீட்டில்தான் இது விரைவில் நடக்கிறது என்பது வேடிக்கை.

ஏன் அப்படி என்பதை அறிய, இந்தச் செடி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க்கிடுக்குத் தமிழில் மந்தாரை என்று சிலர் எழுதி வருகிறார்கள். அது பொருந்தாது. மந்தாரை நம் ஊர்ப் பக்கத்து மரம். அதன் பூ ஆர்க்கிடைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அதனை ஆர்க்கிட் மரம் என்றழைத்தார்கள். அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதனால் வந்த குழப்பம் இது. மந்தாரை அவரை இனத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. ஆகையால் நாம் ஆர்க்கிட் என்றே வழங்குவோம்.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட் வகைகளுள் பெரும்பாலானவை மண்ணில் முளைப்பவை அல்ல. மரக்கிளைகளைத் தொற்றி நின்று வளர்பவை. அதைக் கண்டு இவற்றைப் புல்லுருவி என்று நினைப்பவர் உண்டு. புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிடோ மரத்தில் குடியிருக்கிறதே தவிர, மரத்திடம் ஒன்றும் கேட்பதில்லை. மழைநீரும், பட்டையின் இடுக்குகளில் சேரும் தூசியும் சருகும், இலைகளினூடே இறங்கும் வெளிச்சமுமே அதன் பிழைப்பு. வங்காளத்து மாமரங்களிலும் இப்படி ஓர் ஆர்க்கிட் வளர்கிறது. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டமிட்டாற்போன்ற இதழும், ஊதா நாக்கும், இனிய மணமும் உடையது. வங்காளிகள் இதனை ராஸ்னா என்பார்கள். இதன் வேர் அவர்களுடைய வைத்தியத்தில் சேரும். நம் நாட்டு வைத்தியரிடம் ராஸ்னா என்று கேட்டாலோ அரத்தையை எடுத்துக் கொடுப்பார். ஊர் மாறினால் ஒரே பெயர் வேறொரு செடியைச் சுட்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கொல்கத்தாவில் 1784ஆம் ஆண்டு ஏஷியாட்டிக் சங்கத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் இந்தச் செடிக்கு வழங்கிய பெயரே வாண்டா. மரத்தைத் தொற்றி வாழும் செடியைக் குறிக்கும் 'வந்தா' என்னும் சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். இன்று உலகெங்கும் பூக்கடைகளில் புழங்கும் பெயர் இந்த ஊரில் எழுந்தது.

மரக்கிளையில் வாழ்பவனுக்கு நீர் எப்படிக் கிடைக்கும்? மழை பெய்யும்போது முழுக்க நனைகிறது. காற்று வீசியதும் ஒரு நாழிகையில் உலர்ந்துவிடுகிறது. இந்த வாழ்க்கைக்கு ஏற்ப அதன் வேர் அமைந்திருக்கிறது. உள்ளே மெல்லிய நரம்பு ஒன்று. அதைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மையான உறை. நீர் பட்ட சில நிமிடங்களுக்குள் இந்தப் பஞ்சு நீரைக் குடித்து நிறைந்துவிடும். பிறகு காற்றில் உலரும். உலர்ந்தால்தான் வேர் மூச்சு விட முடியும். எப்போதும் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் நீரை இழுக்காது. நீரின்றி இலை துவளும். இலை துவண்டதைக் கண்டு இல்லத்தரசி, ஐயோ தாகம் போலும் என்று இன்னும் ஒரு செம்பு வார்ப்பார். நம் சகோதரியின் செடிக்கு நேர்ந்தது இதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆகவே ஆர்க்கிடுக்கு நீர் வார்க்க நாட்காட்டியைப் பார்க்க வேண்டா, வேரைப் பாருங்கள். உலர்ந்த வேர் வெள்ளி போல் வெளுத்திருக்கும். நனைந்த வேர் பச்சையாக மாறும். வெளுத்திருந்தால் வார்க்கலாம், பச்சையாயிருந்தால் காத்திருக்க வேண்டும். வேர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். வார்த்த அன்று எவ்வளவு கனத்தது என்பது கைக்கு நினைவிருக்கும். தோசை மாவின் பதம் அறிந்த கைக்கு இது பெரிய வித்தை அல்ல. வார்க்கும்போது தாராளமாக, தொட்டியின் அடியில் ஒழுகி ஓடும்படி வார்க்க வேண்டும்; பிறகு அது உலரும்வரை தொடக்கூடாது. அடித்தட்டில் நீர் தேங்கலாகாது. காலையில் வார்ப்பதே நன்று; இலைகளின் நடுக் குருத்தில் நீர் நின்றால் பழைய துணியின் நுனியால் ஒற்றி எடுத்துவிடுக. குருத்தில் ஓரிரவு தங்கிய நீர், வேர் எல்லாம் நலமாயிருக்கும் செடியையும் கொன்றுவிடும்.

இனித் தொட்டி. பரிசாக வரும் செடிகள் மிகப் பலவும் மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்தில், வேரைச் சுற்றிப் பாசியை இறுகப் பொதிந்து வருகின்றன. பெரிய பண்ணைகளில் குளிரூட்டிய கூடாரத்துக்குள் அளந்து நீர் தெளிப்பவர்களுக்கு அது சௌகரியம். ஆனி முதல் புரட்டாசி வரை துணி உலராத நம் வீடுகளில் அது வேருக்குச் சமாதி. பூ உதிர்ந்தவுடன் செடியை வெளியே எடுத்து, பாசியை நீக்கி, நாற்புறமும் துளையுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். உள்ளே மண் ஒரு பிடியும் வேண்டா. நெல்லிக்காய் அளவில் உடைத்த மரக்கரியும், செங்கல் துண்டுகளும் போதும். தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்ப்பதும் வழக்கமே. மட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. தெருமுனையில் இளநீர் விற்பவர் மூட்டையாகவே கொடுத்துவிடுவார். ஆனால் அதை 2, 3 நாள் நீரில் ஊறப்போட்டு, சாயம் இறங்க இறங்க நீரை மாற்றி, பிறகே உபயோகிக்க வேண்டும். மட்டை ஈரத்தை நெடுநேரம் பிடித்துக்கொள்ளுமாகையால், மழைச் சாரல் விழும் பால்கனி உடையவர்கள் கரியோடு நின்றுவிடுவது உத்தமம். தொட்டி சிறிதாகவே இருக்கட்டும். பெரிய தொட்டி கொடுத்தால் செடி பெரிதாகும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

எந்தச் செடியை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நாம் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் வெளிச்சம் எவ்வளவு என்பதே. சகோதரிக்குக் கிடைத்தது பெலனாப்சிஸ் என்னும் வகை. அந்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற அகன்ற பூ. வெயில் நேரே விழாத, ஆனால் செய்தித்தாளை விளக்கின்றிப் படிக்கக்கூடிய கிழக்கு ஜன்னல் அதற்குப் போதும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர் அதற்கு ஆகாது. டென்ட்ரோபியம் கரும்பு போலக் கணுக்கள் உடைய தண்டில் பூங்கொத்து விடுவது, காலை வெயிலை விரும்புவது, கைதவறுகளைப் பொறுத்துக்கொள்வது. முதன்முதல் வளர்ப்பவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இதையே. கடைகளில் மலிந்திருக்கும் ஊதாவும் வெள்ளையுமான கலப்பினங்கள் கொல்கத்தாவின் புழுக்கத்தில் உற்சாகமாகவே வளர்கின்றன; மனிதருக்கு ஆகாத காற்று யாருக்காவது ஆகிறதே என்று மகிழ வேண்டியதுதான். வாண்டா வெறும் மரக்கூடையில் வேரைத் தொங்கவிட்டு நிற்பது. அதற்கு நல்ல வெயிலும், வேனிலில் நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ முழு நனைப்பும் தேவை. கரியோ மட்டையோ இல்லாமல் காற்றில் தொங்குவதால் அதன் வேர் உடனே உலர்ந்துவிடுகிறது. ஆதலால் அதற்கு மட்டும் தினசரி நீர் ஆகும். வேலைக்குச் செல்லும் தம்பதியர் அதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மலைச் செடியின் மோகத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் அனுபவத்தை மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் காலிம்போங் சென்றிருந்தபோது, பந்தல் முழுவதும் பூத்திருந்த சிம்பிடியம் செடிகளைக் கண்டு மயங்கி, தொட்டியோடு ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்து சேர்ந்தோம். மூன்று குளிர்காலம் அது நம் மாடியில் நின்றது. இலை செழித்தது, பூ ஒன்றுகூட இல்லை. உரத்தை மாற்றினோம், இடத்தை மாற்றினோம், வாங்கிய இடத்தையும் மனத்துக்குள் வைதோம். அதன் மீது பிழை ஏது? சிம்பிடியம் மொட்டு விடுவதற்கு இலையுதிர் காலத்து இரவுகள் 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி இரவில் மின்விசிறி சுழலும் ஊரில் அதற்குப் பூக்கும் காலம் எப்படித் தெரியும்? கடைசியில் மலைக்குத் திரும்பும் நண்பரிடம் கொடுத்தனுப்பினோம். அடுத்த ஆண்டு பூத்த செடியின் படம் வந்தது. மகிழ்ச்சிதான், சற்றுப் பொறாமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

இன்னொரு வகை மலைச் செடியும் உண்டு. மலைப் பாதையோரங்களிலும் திருவிழாச் சந்தைகளிலும் சில சமயம் கட்டுக்கட்டாக, தொட்டியின்றி, பட்டைத் துணுக்குகள் ஒட்டிய வேரோடு விற்கப்படும் செடி. வேர்கள் பிய்ந்திருக்கும், இலைகளில் பூச்சி தின்ற வடு இருக்கும், ஒரே கட்டில் கிழமும் குஞ்சுமாகச் செடிகள் கலந்திருக்கும். இவை காட்டிலிருந்து பிடுங்கப்பட்டவை. விலை மலிவென்று வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வீட்டில் பிழைப்பதும் இல்லை. இந்தக் கதை புதிதன்று. 1850ஆம் ஆண்டில் காசி மலைகளுக்குச் சென்ற ஜோசப் ஹூக்கர் என்னும் தாவர நூலறிஞர், நீல வாண்டாவை 7 ஆள் சுமை சேகரித்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிரோடு கரை சேர்ந்தவை மிகச் சிலவே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருக்குப் பின் சென்ற வியாபாரிகளும் அள்ளிச் சென்றார்கள். இன்று நீல வாண்டா, செவ்வாண்டா, 'சீமாட்டியின் செருப்பு' எனப்படும் ஆர்க்கிட் வகைகள் ஆகியவற்றுக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தம் முதல் காப்பு உண்டு. அவற்றைக் காட்டிலிருந்து பறிப்பதும் உரிமமின்றி விற்பதும் குற்றம்.

காட்டைத் தொடாமலே செடி கிடைக்கும் காலம் இது. ஆர்க்கிடின் விதை தூசி போன்றது. தன்னுள் உணவு ஏதும் இல்லாதது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் அது முளைக்கிறது. 1922ஆம் ஆண்டில் லூயிஸ் நுட்சன் என்ற அமெரிக்கர், பூஞ்சை இல்லாமலே சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், கண்ணாடிக் குப்பிக்குள் விதைகளை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். 1960இல் ஜார்ஜ் மொரெல் என்ற பிரெஞ்சுக்காரர், தண்டின் நுனியிலிருந்து எடுத்த ஒரு துணுக்கிலிருந்து பல செடிகளை உண்டாக்கும் வழியைச் சிம்பிடியத்தில் காட்டினார். ஒரு காலத்தில் சீமான்கள் மட்டுமே வைத்திருந்த செடி நம் சகோதரிக்குப் பரிசாக வந்ததற்கு இவர்களே காரணம். சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் மத்திய அரசின் ஆர்க்கிட் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. விடுமுறைக்கு ஊர் செல்பவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும் கண்டு வரலாம். நம் சேர்வராயன் மலையில் இத்தனையா என்று வியப்பீர்கள்.

இந்த ஊரின் பருவங்களுக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் மாலை வேளைகளில் கால்பைசாகிப் புயல் வரும். தொங்கும் கூடைகளைக் கம்பியால் கட்டிவையுங்கள். நண்பகல் வெயிலுக்குப் பச்சை வலை தேவை. மழைக்காலத்தில் கூரை ஓரத்துக்கு உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். நத்தைகள் இரவில் வந்து வேர் நுனிகளைத் தின்னும், விளக்கு எடுத்துப் போய்ப் பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு குளிரத் தொடங்குவது பெலனாப்சிஸுக்கு நல்ல காலம். பூங்காம்பு எழுவது அப்போதுதான். மார்கழி, தையில் அதை இரவில் வீட்டுக்குள் வைத்து, நீரைக் குறைத்துவிடுக. அம்மாதங்களில் இலைமீது படியும் புகைத்தூளை ஈரத்துணியால் துடைப்பதும் முக்கியம். டெல்லிக்கு மாற்றலாகிச் செல்வோர், அனல் காற்று வீசும் மாதங்களில் கூலர் ஓடும் அறையில் செடிக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மும்பைவாசிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

டென்ட்ரோபியம் வளர்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று, பூத்து முடிந்த பழைய தண்டுகளை இலை உதிர்ந்ததென்று வெட்டிவிடுவது. அந்தத் தண்டே செடியின் நெற்குதிர். பச்சையாக இருக்கும்வரை அதில் சேமித்த உணவை இளந்தண்டு உண்ணும். காய்ந்து சுருங்கிய பிறகு வெட்டலாம். உரம் கொஞ்சமாக, அடிக்கடி. கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை உறையில் எழுதியிருப்பதில் கால் பங்கு கலந்து, வளரும் மாதங்களில் வாரம் ஒரு முறை, வேர் நனைந்த பிறகு தெளித்தால் போதும். அரிசி கழுவிய நீரைக் கீரைப் பாத்திக்கு விடுங்கள். கரி இடுக்கில் அது புளித்துப்போகும். மாவுப்பூச்சி கண்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பூத்த செடியை மாம்பழக் கூடையும் வாழைத்தாரும் உள்ள அறையில் வைக்காதீர்கள். பழுக்கும் கனியிலிருந்து எழும் எத்திலீன் என்னும் வாயு, இரண்டு மாதம் நிற்க வேண்டிய பூவைச் சில நாளில் வாட்டிவிடும். மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன என்று இதற்கும் யாராவது கைராசியைக் குறை கூறியிருக்கக்கூடும்.

சகோதரி அந்தத் தொட்டியை இன்னும் எறிந்துவிடவில்லை என்று எழுதியிருப்பதால், இனி அவருக்கு மட்டும். அந்த ஒற்றை இலையின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. இழுத்ததும் நாற்றத்தோடு கையில் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். உயிர் இருந்தால், செடியை எடுத்துப் பாசி முழுவதையும் நீக்கி வேரைக் கழுவுங்கள். அழுத்தினால் குழையும் வேரும், உறை கழன்று நூலாய் நிற்கும் வேரும் வேண்டா. நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, வெட்டுவாயில் மட்டும் பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். கெட்டியான வேர் ஒன்றிரண்டு இருந்தாலும் போதும். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, கைக்கு அடங்கும் மண்தொட்டியில் கரித் துண்டுகளோடு நிறுத்துங்கள். குளியலறை ஜன்னல் கிழக்கு பார்த்ததாயிருந்தால் அங்கே வைக்கலாம். கரி நன்கு உலர்ந்த பிறகே நீர். உரம் இப்போது கூடாது. மாமியாரையும் அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வேரில் எது கெட்டி, எது குழைவு என்று அவர் விரல் சரியாகச் சொல்லும்.

குளிர்காலமாகையால் மெதுவாகவே நடக்கும். மாசிக்குள் இலையடியிலிருந்து பச்சை நுனியுடைய புதுவேர் ஒன்று எட்டிப் பார்த்தால் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். பாகற்கொடி அடுத்த இதழில்.